பதினோரு விநாடித் திருடன்

அனுப்புநர்:
சாவிக்காரர்,
பேருந்து நிலையப் பின்வாசல்,
செருப்புக் கடைக்கு அடுத்த தகரக் கடை.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையக் குற்றப் பிரிவு.

பொருள்: என்னைத் திருடன் என்று காட்டும் காணொளியை நீக்குதல், அதைப் பரப்பியவர்கள் மீது (என்னையும் சேர்த்து) நடவடிக்கை எடுத்தல், நிலையத்தில் உள்ள என் கருவிப் பெட்டியைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் திருடன் அல்ல. இப்படி ஒரு வாக்கியத்தோடு மனு எழுத வேண்டிவரும் என்று பத்து நாட்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். காரணம் ஆறாம் பத்தியில் உள்ளது.

1. இம்மாதம் நான்காம் தேதி காலை, மூன்றாவது தெருவில் தரைத்தள வீட்டு அம்மா ஒருவர் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். குப்பைக் கூடையை வெளியே வைக்க வந்திருக்கிறார். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. உள்ளே அடுப்பில் பால், அருகே இரண்டு வயதுப் பெண் குழந்தை. நான் போய்ச் சேர்ந்தபோது கதவிடுக்கில் தீய்ந்த வாடை வந்துவிட்டது. குழந்தையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லி அம்மாவைப் பக்கவாட்டு ஜன்னலுக்கு அனுப்பிவிட்டு, கதவின் முன் குந்தி உட்கார்ந்தேன். நான்கு நிமிடத்தில் திறந்தது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. பாத்திரம் மட்டும் தேறவில்லை.

2. எதிர்வீட்டு மாடியில் குடியிருப்பவர் இதைப் படம் பிடித்திருக்கிறார். நான்கு நிமிடத்தில் அவர் எடுத்துக்கொண்டது பதினோரு விநாடி. அதில் அம்மா இல்லை, ஜன்னல் இல்லை, பால் இல்லை. நான் இருக்கிறேன், கையில் கம்பியோடு. குழந்தை என்ன செய்கிறது என்று கேட்க ஒருமுறை திரும்பினேன். ஒலி நீக்கப்பட்டதால் அது ஆள் வருகிறதா என்று நோட்டம் விடுவதுபோல் அமைந்துவிட்டது. நடிக்கச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பொருத்தமாக எனக்கு வந்திருக்காது. மேலே சிவப்பு எழுத்தில், "பட்டப்பகலில் கொள்ளை! அனைவருக்கும் பகிரவும்."

3. அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் பகிர்ந்துவிட்டது. பதினான்கு வருடமாக என்னோடு ஒரே பந்தியில் சாப்பிடும் என் மனைவியின் தம்பியே அதை எனக்கு அனுப்பினார். "மாமா, இவன் உங்க ஏரியாலதான் சுத்துறானாம். பார்த்து இருங்க" என்று அக்கறையாக எழுதியிருந்தார்.

4. இனி எழுதுவதை மறைக்கலாம். மறைத்தால் மனு பொய்யாகும். அப்போது மூக்குக் கண்ணாடி என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்தது நகத்தளவு படம் ஒன்றும் சிவப்பு எழுத்தும்தான். தொழில் புத்தி முந்திக்கொண்டது. "திருடர் நடமாட்டம். உறுதியான பூட்டுக்கு அணுகவும்" என்று என் எண்ணையும் சேர்த்து, வாடிக்கையாளர்கள் நூற்று நாற்பத்தாறு பேருக்கு நானே அனுப்பினேன். ஆக, திருடனின் முகமும் கைப்பேசி எண்ணும் ஒரே செய்தியில் மக்களுக்குக் கிடைத்தது என் உபயம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் காலர் கிழிசல நான்தானே தைச்சேன். இது நீங்கதாங்க" என்றார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என்னைப் பார்த்து நானே திடுக்கிட்டது அன்றுதான்.

5. குழந்தையின் தாய் உண்மையை விளக்கி அந்தக் காணொளியின் கீழேயே எழுதினார். "உனக்கு எவ்ளோ பங்கு?" என்று ஒருவர் பதிலுக்குக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை நானூறு பேர் விரும்பியிருக்கிறார்கள். அம்மாவின் விளக்கத்தை மூன்று பேர். அதில் ஒருவர் அவருடைய கணவர். மறுநாள் தங்கள் துறையின் விழிப்புணர்வுப் பக்கத்திலும் "சந்தேக நபர்" என்ற தலைப்பில் அதே காணொளி வந்தது. சந்தேகம் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் எண் ஏற்கெனவே ஊருக்கே தெரியும்.

6. ஒன்பதாம் தேதி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அலமாரிப் பூட்டைச் சரிசெய்ய அழைத்தார்கள். மின்தூக்கியின் கதவு திறந்ததும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "தானா வந்து மாட்டிக்கிட்டான் பாரு" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அதன்பின் விழுந்தவற்றை எண்ணவில்லை. சட்டைப் பை கிழிந்தது, சாவிக்கொத்து எங்கோ போனது, வலது கை ஆள்காட்டி விரல் மின்தூக்கிக் கதவில் நசுங்கி எலும்பு முறிந்தது. பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று என் கண் பார்த்ததில்லை; அந்த விரல்தான் பார்க்கும். ஐயா, எனக்கு அன்று கண்ணாடி இல்லாதது சிறிய குறை. இது குருடு.

7. காவலர்கள் வந்து என்னை மீட்டார்கள், விசாரித்து அனுப்பினார்கள். அதற்கு நன்றி. ஆனால் கருவிப் பெட்டியைச் சான்றுப் பொருள் என்று வைத்துக்கொண்டார்கள். நான் குற்றமற்றவன் என்று ஒரு வரி எழுதித் தரக் கேட்டேன். நிலைய எழுத்தர் நல்ல மனிதர். எல்லா இழுப்பறைகளிலும் தேடிப் பார்த்தார். "திருடன்னு எழுத படிவம் இருக்கு. திருடன் இல்லன்னு எழுத நம்மகிட்ட எதுவும் இல்லையே" என்று வருந்தினார்.

8. ஆகவே கேட்டுக்கொள்வது: காணொளி எல்லா இடங்களிலிருந்தும் நீக்கப்பட வேண்டும், முதலில் தங்கள் பக்கத்திலிருந்து. எடுத்தவர், சிவப்பு எழுத்தைச் சேர்த்தவர், என்னை அடித்தவர்கள் மீது வழக்குப் பதிய வேண்டும். என் வாடிக்கையாளரான வழக்கறிஞர் ஒருவர், விசாரிக்காமல் பரப்பியவரும் பதில் சொல்லியாக வேண்டும் என்கிறார். அப்படியானால் அந்தப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூற்று நாற்பத்தாறு பேரிடமும் தனித்தனியே பேசி, அந்தத் திருடன் நான்தான், ஆனால் திருடன் அல்ல என்று விளக்கிவருகிறேன். முப்பத்தொரு பேர் எடுத்துப் பேசினார்கள். வேலைக்கு இதுவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த ஒரு வரியை முத்திரையுடன் தந்தால் கடைக் கதவில் ஒட்டிக்கொள்வேன்.

9. இன்று காலை நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பெட்டியில் உள்ளவற்றைப் பட்டியலிட வேண்டும், பூட்டியிருக்கிறது, வந்து திறந்து கொடுங்கள் என்று எழுத்தர் அழைத்தார். அதன் சாவி தொலைந்த கொத்தில் இருந்தது. பெண் காவலர் ஒருவர் தந்த கொண்டை ஊசியை வைத்துக்கொண்டு, நிலையத் தரையில் குந்தி உட்கார்ந்து, இடது கையால் திறந்தேன். ஒரு நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஆனது. பட்டியல் எடுத்துப் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டார்கள். நான் திறந்துகொண்டிருந்தபோது, வேறு ஏதோ புகார் கொடுக்க வந்தவர் பெஞ்சிலிருந்து கைப்பேசியை உயர்த்தியதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். இந்த முறை நான் திரும்பவில்லை. அந்தக் காணொளி இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. தங்களுக்கு முதலில் வந்தால், அதில் இருப்பவர் இம்மனுதாரர் என்பதையும், பெட்டி அவருடையது என்பதையும், பின்னால் தெரியும் சுவர் தங்களுடையது என்பதையும் அருள்கூர்ந்து நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

நாள்: பதினான்காம் தேதி
இடம்: தங்கள் நிலைய வாசல் பெஞ்சு

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சாவிக்காரர்
(இடது கைக் கையொப்பம்)