முனை என் பக்கம்

என்னங்க,

சாப்பாடு மேஜை மேல் மூடி வைத்திருக்கிறேன். சாயங்காலம் குழாய் ரிப்பேர்காரர் வருவார். குளியலறைக் குழாயைக் காட்டுங்கள்.

காணாமல் போன பழம் நறுக்கும் கத்தி கிடைத்துவிட்டது. படுக்கை விரிப்பை மாற்றும்போது உங்கள் தலையணைக்கு அடியில் இருந்தது, முனை என் பக்கமாக. அதற்காக நான் சமையலறையையே புரட்டிப் போட்டபோது, நீங்களும் கூடவே குனிந்து தேடினீர்களே!

இரும்பு பக்கத்தில் இருந்தால் பேய் அண்டாது என்று உங்கள் அக்கா சொல்வது எனக்குத் தெரியும். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் என் வேலையைப் பற்றிச் சொன்னபோது, "பிணவறை வேலைன்னா என்ன, அதுவும் வேலைதானே" என்று சொன்னது நீங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் செத்தவர் ஒருவர்கூட என் பின்னால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்ததில்லை.

டியூட்டி முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போகிறேன். கத்தியைக் கழுவிப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். இனி அதைத் தேடுவது போல் நடிக்க வேண்டாம்.

பி.கு.: என்னிடம் இருந்த சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று: கத்தியை வெறுங்கையால்தான் எடுத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் அக்கா கணக்குப்படியே நான் பேய் இல்லை. உங்களுக்கும் அது உறுதியானால் கூப்பிடுங்கள்.