முகம் தெரியாத ட்ரோன்

3 ஜூன், செவ்வாய்

காலை ஏழு மணிக்கே அனல். கத்திரி முடிந்துவிட்டதை வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல. ஸ்டூடியோ ஷட்டரைத் துணி சுற்றித்தான் தூக்கினேன். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

இந்த வாரத்துக்குள் ட்ரோன் முடிவு செய்தாக வேண்டும். இதுவரை எல்லாம் வாடகைதான். கல்யாண ஆர்டர் வந்தால் திருவள்ளூரிலிருந்து சுகுமார் அண்ணன் தன் பெரிய ட்ரோனோடு வருவார். அவர் மேலே, நான் கீழே. இனி சொந்தமாக ஒன்று.

காரணம் மூர்த்தி சார். கும்மிடிப்பூண்டியில் என் தம்பி ஜான்சன் வேலை பார்க்கும் கம்பெனியின் நிர்வாக அதிகாரி. கம்பெனி பற்றி ஒரு படம், பிறகு மாதாமாதம் மேலிருந்து ஷூட்டிங், ஒரு வருஷத்துக்கு. "நல்ல ட்ரோனா வாங்குங்க மேடம், வேலை உங்களுக்குத்தான்" என்றார். கவரைப்பேட்டையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பவளுக்கு வருஷ வேலை!

தேவைகள்:
– பழவேற்காட்டுப் பக்கமிருந்து மதியம் வரும் கடல் காற்றில் ஆடாமல் நிற்க வேண்டும்.
– உண்மையாக இருபது நிமிஷமாவது பறக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு வேண்டாம்.
– கம்பி, மரம் எதிரே வந்தால் தானே நிற்க வேண்டும்.
– இரும்பு ஷெட் பக்கத்தில் திசை குழம்பாதது. அப்படி ஒன்று உண்டா? சு. அண்ணனைக் கேட்க.
– விரல்.

கடைசி வரி தேவை இல்லை. கை தானாக எழுதிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ரிசப்ஷன். மண்டபத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கிடங்கு. சு. அண்ணனின் ட்ரோன் திசை தப்பி, பெண்வீட்டார் உட்கார்ந்திருந்த நாற்காலிகளை நோக்கிச் சாய்ந்து வந்தது. குறுக்கே கை நீட்டினேன். வலது ஆள்காட்டி விரலில் ஐந்து தையல். அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதார், நான் அழவில்லை. அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே கை தானாக மூடிக்கொள்கிறது.

ட்ரோன் வாங்கப் போகிறவளுக்கு ட்ரோன் என்றால் பயம். இதை யாரிடம் சொல்வது.

4 ஜூன், புதன்

முதல் ரயிலில் சென்னை. நிற்க இடமில்லை. தயிர்சாதம் கொண்டு போனது புளித்துவிட்டது.

கடைக்காரர் மேஜை மேல் மூன்றை வரிசையாக வைத்தார்.

சி. (சின்னது) – இருநூற்று நாற்பத்தொன்பது கிராம். பதிவு செய்தால் போதும், ஓட்ட லைசன்ஸ் தேவையில்லை என்கிறார். அகல லென்ஸ். காற்றில் கொஞ்சம் ஆடும்.
ந. (நடு) – பெரிய சென்சார், மங்கல் வெளிச்சத்திலும் படம் சுத்தம். இதற்குப் பயிற்சி எடுத்து சர்டிஃபிகேட் வாங்க வேண்டும்.
பெ. (பெரிசு) – சர்டிஃபிகேட் இதற்கும். மூன்று கேமரா. ஒன்று தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸ்.

பெரிசைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் மாறியது. மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், தலைக்கு மேல் ஓர் ஆள் உயரம் எழுப்பி, ஸ்கிரீனை என் கையில் கொடுத்தார்.

"அந்தக் கடைசி பில்டிங்கைப் பாருங்க மேடம்."

வெறும் கண்ணுக்குத் தீப்பெட்டி மாதிரி இருந்த கட்டிடம். ஸ்கிரீனில் ஒரு பெண் துணி காயப்போடுகிறாள். நைட்டி தோளில் தையல் விட்டிருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு யாரையோ மனசுக்குள் திட்டுகிறாள். அழுகிறாளோ என்றுகூடத் தோன்றியது. எங்களை அவளுக்குத் தெரியாது. சத்தம்கூட அங்கே கேட்டிருக்காது.

ஸ்கிரீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விரல் மூடிக்கொண்டிருந்தது. இது அந்தப் பழைய பயம் இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

5 ஜூன், வியாழன்

நாலு பாஸ்போர்ட் போட்டோ, ஒரு லேமினேஷன். மதியம் மூர்த்தி சாரே காரில் வந்தார். டீ வேண்டாம் என்றார். ஸ்டூல் முனையில் உட்கார்ந்தார்.

"எது எடுக்கறீங்க?"

மூன்றையும் சொன்னேன். நடுதான் கம்பெனி படத்துக்குச் சரி என்றேன்.

"எரநூறு முந்நூறு மீட்டர்ல இருந்து முகம் தெரியுமா?"

"அது பெரிசுலதான் சார் தெரியும். கம்பெனி படத்துக்கு எதுக்கு சார் முகம்?"

சிரித்தார். "வொர்க்கர்ஸ் முகத்துல சந்தோஷம் தெரிய வேணாமா மேடம்?"

பிறகு கேட்டவை, அப்படியே: சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும். ஒரே இடத்தில் எத்தனை நிமிஷம் நிற்கும். தேதி, நேரம் வீடியோவிலேயே பதியுமா.

"ஞாயித்துக்கிழமை ஒரு ட்ரயல் பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. யார் முகத்தில் சந்தோஷம் எடுப்பது?

6 ஜூன், வெள்ளி

தண்ணி லாரி வரவில்லை. கேன் தண்ணீரில் இட்லிக்கு மாவு கரைத்தேன்.

வீட்டில் நானும் ஜான்சனும்தான். காலையில் சாப்பிடும்போது அவனாகச் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம ஏரிக்கு அந்தாண்ட தைலத்தோப்புல கூடுறோங்கா. நூறு பேரு வர்றாங்க."

"இன்னாத்துக்குடா?"

"எட்டு வருசமா கான்ட்ராக்டுலயே வச்சிகினு கீறான். பிரஸ் மிஷின்ல கை போன ஆளுக்கு, நீ எங்க ஆளே இல்லன்றான். எல்லாரும் ஒண்ணா கையெழுத்துப் போடப் போறோம்."

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"எப்டிக்கா தெரியும்? அதுக்குத்தான் தோப்பு."

மூர்த்தி சாரின் ட்ரயலும் அதே ஞாயிறுதான். அவன் நீலச் சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டான்.

பதினோரு மணிக்கு மூர்த்தி சாருக்குப் போன் செய்தேன். பேச வேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு. "சார், நான் சின்னதுதான் வாங்கறேன். அதுல முகம் எல்லாம் தெரியாது. மத்த ரெண்டுக்கும் எங்கிட்ட சர்டிஃபிகேட் இல்ல."

"அப்டியா" என்றார். பிறகு:

"மேடம், ஜான்சன் உங்க தம்பிதானே?"

"ஆமா சார்."

"நல்ல பையன். சரி, பெரிய ட்ரோன் வச்சிருக்கிற ஆள் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சிருப்பாங்களே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சீட்டில் அதற்கு வரி இல்லை. சு. அண்ணன் நம்பரைச் சொன்னேன். பத்து எண்ணும், ஒன்றும் தப்பாமல். "தேங்க்ஸ் மேடம்" என்றார்.

அதற்கு அப்புறம் ஸ்டூடியோவில் ஃபேனுக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தேன். போட்டோ கேட்டு வந்த ஆளை நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

7 ஜூன், சனி

சின்னதை வாங்கிவிட்டேன். பில், பதிவு வேலை, கூடுதலாக இரண்டு பேட்டரி, இறக்கைக்குச் சுற்றுக் காப்பு. கடைக்காரர் முகத்தில் ஏமாற்றம். அரசாங்க ட்ரோன் மேப்பில் நம் ஏரிப் பக்கம் பச்சை. பறக்கலாம்.

நாலரைக்கு ஏரிக்குள். தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் ஒரு குட்டை. நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் கருவேல நிழலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இறக்கை சுழன்றதும் கை மூடியது. இடது கையால் விரல்களைப் பிரித்துவிட்டுத்தான் ரிமோட் குச்சியைத் தள்ளினேன். எழுந்தது. மரத்துக்கு மேல், கரைக்கு மேல். ரயில் பாதை, அதற்கு அந்தப்புறம் புகைபோக்கிகள், இன்னும் தள்ளி மஞ்சளாக ஏதோ, கடலா வானமா தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இருக்கிற ஊர். இவ்வளவு அழகு என்று தெரியாது. இரண்டு நிமிஷம் பயம் மறந்துபோனது உண்மை.

ஒரு பெண் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா பாப்பா, நாங்கல்லாம் தெரியறமா?"

"தெரியறீங்கக்கா. யார் யாருன்னுதான் தெரியல."

"அது போதும் போ. இந்த மூஞ்சிக்கு இன்னா" என்று சிரித்தாள்.

சாயங்காலம் ஜான்சனிடம் பாதி சொன்னேன். நாளைக்கு மேலே ட்ரோன் வரலாம். வண்டியில் வருகிற எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு உட்காருங்கள். பேட்டரி அரை மணி நேரம் தாங்காது, திரும்பிப் போய்விடும்.

"ஒனக்கு எப்டிக்கா தெரியும்?"

"மூர்த்தி எங்கிட்டதான் மொதல்ல கேட்டாரு. நான் முடியாதுன்னுட்டேன்."

என்னைப் பெருமையாகப் பார்த்தான். "சூப்பர்க்கா" என்றான். மற்றப் பாதியைச் சொல்ல வாய் வரவில்லை.

சு. அண்ணனுக்குப் போன் போட்டேன். ரிங் போவதற்குள் கட் செய்தேன். மூன்று முறை. 'நான்தான் நம்பர் கொடுத்தேன், ஆனால் போகாதீங்க' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்பார். மூர்த்தி சார் காதுக்குப் போனால்?

நாளை பேச வேண்டும். காலையிலேயே.

8 ஜூன், ஞாயிறு

பேசவில்லை.

கோயிலில் பாட்டு முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். பாஸ்டர் பார்த்தார். ஸ்கூட்டியில் நேராகத் தைலத்தோப்பு. ஏன் போனேன்? வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தோப்பு ஓரத்தில் பைக்குகள். நடுவில் வெட்டாந்தரையில் எல்லாரும் வட்டமாக. நான் சொன்னபடியே ஹெல்மெட்! நூறு ஹெல்மெட் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். ஜான்சனை நீலச் சட்டையால்தான் கண்டுபிடித்தேன்.

முதலில் சத்தம். பிறகு தெரிந்தது, கரைக்கு மேலே, தூரத்தில், கறுப்பாக. நின்றது. யாரும் நிமிரவில்லை. யாரோ பேப்பரைப் படித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் பைக்குகளுக்குப் பின்னால் நின்று நிமிஷம் எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டு.

அப்போது காற்று வந்தது. ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே தோப்பை நோக்கி இறங்கியது. இப்போது தெரிகிறது: காற்றுக்கு எதிர்த்து நிற்க அப்படித்தான் சாயும், பக்கத்தில் வரவேண்டுமென்றுதான் சு. அண்ணன் இறக்கியிருக்கிறார். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்காலிகள்தான் தெரிந்தன. ரிசப்ஷன் நாற்காலிகள்.

ஓடினேன். "உழப்போவுது! எழுந்து ஓடுங்க! ஜான்சா, உழப்போவுதுடா!"

ஒரு பொம்பளைக் குரல் அப்படிக் கத்தினால் என்ன செய்வார்கள்? எழுந்தார்கள். யார் என்ன என்று பார்க்கக் கண்ணாடியைத் தூக்கினார்கள். ஜான்சன் ஹெல்மெட்டையே கழற்றி எறிந்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். "இன்னாக்கா? இன்னாச்சி?" நான் மேலே கை காட்டினேன். கை காட்டிய பக்கம் நிமிர்ந்து பார்த்தான். அவனோடு இன்னும் சிலர்.

அது விழவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரும்பிப் போனது, நிதானமாக.

"அக்கா பயந்துடுச்சி, வேற ஒண்ணுமில்ல" என்று எல்லாரிடமும் சொன்னான். எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டு முடித்தார்கள்.

மதியம் சமைக்கவில்லை. அவனே ஆம்லெட் போட்டான். திட்டவில்லை. திட்டினால் தேவலை.

9 ஜூன், திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. புழுக்கம்.

ஆறு மணிக்கு ஷிஃப்டுக்குப் போனவன் ஏழே முக்காலுக்குத் திரும்பி வந்துவிட்டான். சாப்பாட்டு டப்பா கையிலேயே.

"கேட்டுல கார்டு வச்சா செவப்பு லைட்டு எரியுதுக்கா. எட்டு பேருக்கு. செக்யூரிட்டி பேரு பாத்து ஓரமா நிக்க வெச்சான். அப்பறம் போவச் சொல்லிட்டான்."

"யார் யாருடா?"

சொன்னான். எட்டுப் பேரும் நேற்று நிமிர்ந்து பார்த்தவர்கள். ஒருவருக்குப் போன வாரம்தான் பெண் குழந்தை பிறந்தது.

"வுடுக்கா. மத்தவங்க எல்லாரும் வெளிய வந்து கேட்டாண்ட ஒக்காந்துட்டாங்க. நானும் நாஷ்டா துன்னுட்டுப் போறேன்" என்றான். அவன் பயப்படவில்லை. டப்பாவைத் திறந்து இங்கேயே சாப்பிட உட்கார்ந்தான்.

அப்போது சு. அண்ணன் போன்.

"ஸ்டெல்லா, நேத்து நீ எங்கம்மா அந்தத் தோப்புல? ஸ்கிரீன்ல உன்னப் பாத்ததும் எனக்குப் பேஜாராப் போச்சி. நீ பயப்படாத. நீ வர்ற எடம் எல்லாத்தையும் வெட்டிட்டுத்தான் குடுத்தேன். உன் மூஞ்சி எங்கயுமே இல்ல."

ஜான்சன் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஸ்டெல்லா? கேக்குதா? எதோ செக்யூரிட்டி வேலன்னாங்க, போனேன். நீதான் நம்பர் குடுத்தன்னு சொன்னாரு. தேங்க்ஸ்மா."

எழுந்து வாசலுக்கு வந்து, குரலை இறக்கிச் சொன்னேன். "அண்ணா, அந்த நீலச் சட்ட. அது என் தம்பிண்ணா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "ஒரு வார்த்த."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். ஜான்சன் தட்டிலிருந்து நிமிர்ந்து, "யாருக்கா போன்ல?" என்று கேட்டான்.

"கல்யாண ஆர்டர்" என்றேன்.