தாலாட்டென்று நீ பாடிய பாட்டு

அலமாரியைத் திறந்தால் பூசண வாடை. மட்டாஞ்சேரியில் மழை பிடித்துக்கொண்டால் எந்தத் துணியும் தப்பாது. கொஞ்சம் வெயில் தெரிந்தது, காயப்போடலாம் என்று கட்டம்போட்ட சேலையை எடுத்தேன். நீ மேடைக்கு உடுத்த என் சேலை. தோளில் படுகிற இடத்தில் அந்த மேக்கப் மாவு ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கிறது. வாசனையும் இருக்கிறது. துவைப்பதா, அப்படியே மடிப்பதா? கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் எனக்கு எதுவும் தெளியவில்லை, மோளே.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் வந்து, தமிழ் க்ளப்பில் சேர்ந்துவிட்டேன் என்றாய்.

"க்ளப்பா? பள்ளுருத்தியில உன் மாமன் கேரம் வெளையாடப் போறானே, அந்த மாதிரியா?"

"அய்யோ அம்மா! இது ஸ்கூல்ல. செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட். ஹிந்திக்கு ஒரு ரூம், படம் வரையறவங்களுக்கு ஒரு ரூம், நாங்க லேப்புக்குப் பக்கத்துல. உன் அண்ணனை அங்க உள்ள கேற்ற மாட்டாங்க."

நான் நாலாவதோடு நின்றவள். தமிழ் வீட்டில் பேசுவதுதானே, அதற்கு எதற்கு ஒரு ரூம் என்று நினைத்தேன். ஆனால் உங்களில் ஒருத்திக்கும் தமிழ் எழுத வராது. வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாட்டு கொண்டுவரச் சொன்னாராம் டீச்சர். எல்லாரும் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு போனீர்கள். நீ என்ன பாட்டு கொண்டுபோனாய் என்று நான் கேட்கவில்லை. இடக்கொச்சி ஷெட்டில் இறால் உரித்துவிட்டு வந்தால் கை எரிச்சலைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

ஆண்டுவிழா அன்றுதான் தெரிந்தது. அடுத்த வீட்டுச் செல்வியக்காவையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். இனி ஒரு தமிழ்த் தாலாட்டு என்று மலையாளத்தில் அறிவித்தார்கள். படம் வரைகிற பிள்ளைகள் பெரிய துணியில் நிலாவும் கிளியும் வரைந்து பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். தூளி கட்டி, உள்ளே ஒரு தலையணை. என் சேலையில் நீ தூளியை ஆட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு தொடங்கினாய்.

வாசலிலே வச்ச வெளக்கு
வழி பாத்து நிக்குதம்மா,
சொல்லாமப் போனியே
சோறு ஆறிப் போகுதம்மா.

செல்வியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடி பாவி, ஒப்பாரிய இல்ல பாடுது! கிளியும் நெலாவும் வச்சு!" சுற்றிலும் மலையாளிகள் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

நீ கைக்குழந்தையாக இருந்தபோதுதான் என் அம்மா செத்தாள். அவளுக்கு அழுத பாட்டு வாயிலேயே தங்கிவிட்டது. உன்னை ஆட்டும்போதும் அதுதான் வந்தது. அதைக் கேட்டுத் தூங்கிய நீ தாலாட்டு என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பாய்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். "சாவுக்குப் பாடறதா? இதுல சாவுன்னு ஒரு வாக்குகூட இல்லியேம்மா. ஒறங்குற குட்டியும் எங்கயோ போறதுதானே?"

 

அடுத்த மழையில் உனக்கு எலிப்பனி வந்தது, எலிக்காய்ச்சல். சாதாரண காய்ச்சல் என்று நினைத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உன் கண் மஞ்சளாகிவிட்டது. திரும்பி உன்னைக் கொண்டுவந்து கிடத்தியபோது, தெருப் பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒப்பாரியைப் பெற்றவள் நான் தொடங்கவேண்டும். எனக்கு வாய் திறக்கவில்லை. தொடங்கப்போனால் நீ தூளியை ஆட்டுவதுதான் கண்முன் வந்தது. பாடாமலே உன்னை அனுப்பினேன்.

பாடக்கூடாத இடத்தில் பாடினதுதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று செல்வியக்கா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவள் கெட்டவள் இல்லை. உனக்குக் கஞ்சி கொண்டுவந்தவளும் அவள்தான். நம்புகிறேனா என்று கேட்டால், ஷெட்டில் இருக்கும்போது இல்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது ஆமாம்.

இப்போது உன் கூட்டாளி ஷாஹினா இன்னும் சில பிள்ளைகளோடு வந்தாள். இந்த வருஷம் க்ளப் தொடங்குகிற அன்று உன் பாட்டைப் பாடப்போகிறார்களாம். நடுவில் உள்ள அடிகள் மறந்துவிட்டதாம்.

"அது தாலாட்டு இல்ல பிள்ளைங்களா. ஒப்பாரி," என்றேன்.

"அறியாம் ஆன்ட்டி, எங்களுக்குத் தெரியும். அவ அப்பவே எங்ககிட்ட சொல்லிட்டா. அறிஞ்சுதான் பாடறோம்."

"உங்க அம்மாமாருக்குத் தெரியுமா?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். "அது... இல்ல," என்றாள் ஷாஹினா.

கதவைச் சாத்திவிடலாமா என்றிருந்தது. இன்னொருத்தி வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது வந்தால்? கொடுக்காவிட்டால், நீ ஆசையாகக் கொண்டுபோன ஒன்று பாதியில் நிற்குமே?  பிறகு சொன்னேன், வீட்டுக்குப் போங்கள், இது சாவுக்குப் பாடுகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சம்மதித்தால் வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஒருத்தியின் அம்மா விடவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானாக இருந்தாலும் விட்டிருப்பேனா தெரியாது. ஷாஹினாவின் உம்மா கூடவே வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். "பாடுங்க, நானும் கேக்கறேன்," என்றார்.

பாடினேன். உனக்குப் பாடாத பாட்டு. பாதியில் நிறுத்தினேன், அந்த உம்மா தண்ணீர் கொடுத்தார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். திடீரென்று ஷாஹினா, "ஆன்ட்டி, இது ரொம்ப பதுக்கெ போவுது. அவ இந்த இடத்துல வேகமா பாடுவா, இப்படி," என்று பாடிக் காட்டினாள். தூளி ஆட்டுகிற வேகம். அதன்படி நானும் திருத்திப் பாடினேன்.

டீச்சரிடம் ஒன்றுதான் சொல்லி அனுப்பினேன். தாலாட்டு என்றும் சொல்லவேண்டாம், ஒப்பாரி என்றும் சொல்லவேண்டாம், சும்மா பாடட்டும்.

செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. ஒன்று மட்டும் நடந்துவிட்டது. இறால் உரிக்கும்போது வாய் தானாகப் பாடுகிறது. என் அம்மாவுக்கு நான் அழுத அந்த நீண்ட இழுப்பைத் தேடிப் பார்த்தேன், வரவில்லை. உன் வேகம்தான் வருகிறது.