காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

லேக் மார்க்கெட், கல்கத்தா
7 மார்ச் 1999

என் செல்லம் கீதாஞ்சலிக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீ பயப்படுவாய். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். டெல்லியில் குளிர் குறைந்ததா? மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்று வெறும் பிஸ்கட்டைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

புதன்கிழமை பூத்திலிருந்து உன் ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். உன் அறைத்தோழி பூர்ணிமா எடுத்து, நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பின்னால் நீ இருமுவது கேட்டதே! பெற்றவளுக்கு அதுகூடவா தெரியாது? 'சரிம்மா, வந்தால் சொல்லு' என்று வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அடுத்து நின்றவர் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

உன் கோபம் எனக்குப் புரியாமலில்லை. அம்மாவும் பெண்ணும் ஒரே ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்த அதிசயம் நம் வீட்டில்தான் நடக்கும். 'உனக்கெங்கேம்மா கொடுக்கப்போறாங்க, சும்மா போட்டுப் பாரு' என்று கேலி செய்தவள் நீதான். நானும் சிரித்துக்கொண்டேதான் போட்டேன். இங்கிலாந்தில் இரண்டு வருஷம் படிக்க, புவியியலுக்கு ஒரே ஓர் இடம். அதில் என் பெயர் வந்திருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக உன் பெயர். நான் வேண்டாமென்றால் அது உனக்கு.

நாம் தாயும் மகளும் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த ஊர்க்காரர்கள் போல வீட்டுக்கு ஒரு பெயரா நமக்கு? நீ இராஜமாணிக்கத்தின் பெண், நான் வேதாச்சலத்தின் பெண், ஆளுக்கொரு இனிஷியல்.

அந்த இனிஷியலால் இன்டர்வியூ அன்று நடந்த கூத்தை உனக்குச் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் பியூன், 'மாஷிமா, கூட வந்தவங்க எல்லாம் அந்தப் பக்கம்' என்று ஒரு பெஞ்சைக் காட்டினான். நானும் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தேன்! பக்கத்து அம்மாள், பிள்ளையா பெண்ணா என்று கேட்டாள். பெண் என்றேன். உள்ளேயிருந்து 'வேதாச்சலம், வேதாச்சலம்' என்று கூப்பிடுகிறார்கள். நான் அசையவில்லை. யாரோ தாத்தா பெயர்க்காரர் வந்திருக்கிறார், நாலு வார்த்தை தமிழ் பேசலாமே என்று ஆசையாகச் சுற்றிப் பார்க்கிறேன். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை எழுதியது நான்தான் என்று அப்புறம்தான் உறைத்தது. செருப்பு வார் அறுந்தது தெரியாமல் ஓடினேன்.

இந்த வயதில் படித்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார் ஒருவர். தினமும் படகில் ஹவுராவுக்குப் பள்ளிக்கூடம் போகிறேன், ஆற்றில் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் புத்தகத்தில் இருப்பதைத்தான் ஒப்பிக்கிறேன், எனக்கே தெரிந்து சொல்ல ஆசை என்றேன். பிறகு வயதை விட்டுவிட்டு ஆற்றைப் பற்றியே பேசினார்கள். எனக்கு வாய் ஓயவில்லை. என்னிடம் யார் ஆற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் சொல்லு?

திருச்சியிலிருந்து சகுந்தலா அத்தை மேல்வீட்டுக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டாள். பெற்றவள் செய்கிற காரியமா, பெண் வாயிலிருப்பதைப் பிடுங்கித் தின்பாளா என்று கேட்டாள். போனை வைத்த பிறகு வந்த கோபத்தில் பாத்திரம் அத்தனையும் தேய்த்துப்போட்டேன். சேதி வந்த அன்றைக்கு சந்தேஷ் இனிப்பு வாங்கிவந்த மேல்வீட்டு நந்திதா பௌதிகூட, அடுத்த பெயர் உன்னுடையது என்றதும் முகம் மாறிப் படியேறிப் போய்விட்டாள். நம் ஊர்க்காரர் கலியன் கடையிலாவது சொல்லலாம் என்று போனேன். காபிப்பொடியை வாங்கிக்கொண்டு, சொல்லாமலே வந்துவிட்டேன். அப்பா போனபோதுகூட அழுவதற்கு நீ பக்கத்தில் இருந்தாய். இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு ஒருத்தரும் இல்லை, கீது.

உனக்கு இருபத்துமூன்று. அடுத்த வருஷம் எழுதலாம், அதற்கடுத்த வருஷமும் எழுதலாம். எனக்கு ஆவணி வந்தால் நாற்பத்தைந்து, அதற்குமேல் விண்ணப்பமே வாங்கமாட்டார்கள். நியாயம் பேசினால் உன் வலி குறையாது, தெரியும். நீ ராத்திரி பகலாகப் படித்ததும் தெரியும். அப்பா போனதிலிருந்து எதுவானாலும் உனக்குப் போகத்தான் எனக்கு. குறையாகச் சொல்லவில்லை, பிடித்துத்தான் செய்தேன். ஆனால் இது எனக்கு வேண்டும். இப்படி எழுதக் கை கூசுகிறது. கூசினாலும் வேண்டும்.

பதினைந்தாம் தேதிக்குள் சம்மதக் கடிதம் போய்ச் சேர வேண்டும். கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்வருகிறேன். தபால்பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் உன் முகம் வந்து நிற்கிறது. வியாழனன்று எப்படியும் போட்டுவிடுவேன்.

நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும். கோபமாகவே இரு. பேசாமல் இரு. அத்தையோடு சேர்ந்துகொண்டு என்னைத் திட்டு, தாங்கிக்கொள்வேன். 'அம்மா, எனக்கு விட்டுக்கொடு' என்று மட்டும் கேட்டுவிடாதே, கண்ணே. கேட்டால் கொடுத்துவிடுவேன்.

உன் அம்மா
சௌந்தரம்