மூலை நாற்காலி

அன்புள்ள நண்பா,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. நம் யனகா பேட்டையின் பூனைகள் நலம். பருவத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் ஜப்பானியக் கடித மரியாதை. எனக்கு இம்முறை நாற்பது வரி தேவைப்படுகிறது.

டோக்கியோ சந்துகளைப் பற்றிய என் கட்டுரையில், உன் காபிக் கடையை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. நேரில் வந்துவிட்டார்கள்.

வரிசை அண்டை வீட்டு வாசல்களை அடைப்பதால், நீ வீடு வீடாக இனிப்புப் பெட்டியோடு போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறாயாம். தோஃபு கடை குராமோச்சி-சான் என்னை வழியில் பிடித்துக்கொண்டார்.

"பெட்டியத் தூக்கிட்டு அலைய வேண்டியவரு நீங்கதானே? எங்க வீட்ல இனிப்பு வைக்க இடமில்ல, சர்க்கரை வேற ஏறுது!"

ஆகவே நேற்று நானும் ஒரு பெட்டியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், அனிமே நாயகிகளைப் போல நீல முடி வைத்த இரண்டு பெண்கள்.

"அந்த மூலைச் சீட்டு காலியாத்தானடி இருக்கு?"

"கடைக்காரரு யாரையும் உக்கார விடமாட்டாராம். யாரோ பழைய ஆளுக்காம்."

"அவரு எங்க?"

"கட்டுரை வந்ததுலேருந்து காணோமாம்."

"நல்ல ஆளுதான் போ!"

கண்ணாடி வழியே பார்த்தேன். மூலையில், என் நாற்காலியில் உன் கையெழுத்தில் 'முன்பதிவு' அட்டை. வரிசையிலிருந்து விலகினேன். பெட்டியைக் குராமோச்சி-சானிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்த நாற்காலியை மழையில் நிற்பவர்களுக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கொடுத்துவிடாதே. வருகிறேன், வரிசையில் நின்றே.

இப்படிக்கு,
அந்தப் பழைய ஆள்