படத்தில் அவன் திரும்பி வரவில்லை

அன்புள்ள 'என்னங்க' அவர்களுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நடுக்கடலில் நீங்களும் உங்கள் ஜெனரேட்டர்களும் நலமா? போனில் பேசலாமே என்பீர்கள். போன் என்றால் நீங்கள் "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவீர்கள். நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "சாப்பிட்டீங்களா" என்று கேட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார். ஒரு வகையில் நல்லதுதான். வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நாவலைப் படமாக எடுத்துவிட்டார்கள். தூரத்துக் கிரகத்தில் ஒருவன் தனி ஆளாக சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொள்வானே, அந்தக் கதைதான். கண் ஆபரேஷன் முடிந்து, இனிப் பார்வை வருமோ வராதோ என்று நான் கண்ணில் கட்டோடு பயந்து கிடந்தபோது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நீங்கள் முழுதாக வாசித்துக் காட்டினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பழக்க தோஷம், பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டேன். ஒரு பெரியவர் வந்து, யாராவது வருகிறார்களா என்று கேட்டார். இல்லை என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

படம் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் நாவலில் மனைவி கேட்கும் கேள்விக்கு அவன் பதில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் அல்லவா? இவர்கள் இரண்டு பேரையும் எதிரும் புதிருமாக உட்காரவைத்ததுபோல் பேசவிட்டிருக்கிறார்கள். காத்திருப்பதைக் காட்டினால் தியேட்டரில் எழுந்து போய்விடுவார்களாம். கதையே அதுதானே? அந்த மனைவியாக நடித்தவளுக்குத் தலைமுடிகூடக் கலையவில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். முடிவைத்தான் தாங்க முடியவில்லை. அழைத்துப்போக விண்கலம் வந்து நிற்கிறது. அவன், "இன்னும் ஒரே ஒரு தடவை இருந்துட்டு வரேன்" என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். அவ்வளவுதான், தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் நாம் வழக்கமாகப் போகும் மூக்குக்கண்ணாடிக் கடையில், நல்ல கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று பொரிந்து தள்ளினேன். பில் போடும் அக்கா நிதானமாகச் சொன்னார், "புத்தகத்துலயும் அப்படித்தானேம்மா முடியும்." நான் விடுவேனா? நாளைக்கே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டேன்.

வீட்டுக்கு வந்து, பீரோ மேலிருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். என் மூக்கு உடைபட்டதுதான் மிச்சம். அவன் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவானே, அவள் "யாரு?" என்று கேட்பாளே, அவன் "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்பானே, அதெல்லாம் எங்கே? கடலிலிருந்து வரும்போதெல்லாம் நீங்கள் வாசலில் நின்று சொல்லும் வசனமாயிற்றே. முதல் பக்கத்திலிருந்து தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை.

அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் கடைசி அத்தியாயம் வாசித்தபோது பக்கம் திருப்பும் சத்தமே கேட்கவில்லை. நடுநடுவே நிறுத்தினீர்கள். தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கெட்டிக்காரர்தான் நீங்கள். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவே இல்லையே.

ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்கிறார்கள், இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்று போன வாரம் சொன்னீர்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். அது என் மனசிலிருந்து வந்த வார்த்தை இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் நீங்கள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டுமே, அதற்குள் இது கையில் கிடைக்க வேண்டும் என்று தபால்காரரிடமே நேரில் கொடுக்கிறேன். எனக்குத் தனியாக இருந்து அலுத்துவிட்டது.

அக்காவிடம் தோற்றுவிட்டதாக நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதியவர் அவனை அங்கேயே விட்டார், படம் எடுத்தவரும் விட்டார். நீங்கள் ஒருவர்தான் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரமாக வந்து கதவைத் தட்டுங்கள். யாரு என்று கேட்பேன்.

இப்படிக்கு,
கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவள்