செவ்வாய்க்கிழமைக் கட்டில்கள்

மம்சாபுரம்,
19 மே 2021

அன்புள்ள உங்களுக்கு,

அத்தையை நேற்றே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். செவ்வாயில் வீடு திரும்பினால் நோயும் கூடவே திரும்பும் என்று நீங்கள் போனில் சொன்னதை மீறித்தான். கோபப்படுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

'ராஜபாளையத்தில் கொரோனா நோயாளிகளுக்குப் படுக்கை இல்லை' என்று பேப்பரில் வந்த நாளிலிருந்து, காலிப் படுக்கைகளைக் காட்டும் இணையப் பக்கத்தைத் தினமும் பார்த்து நோட்டில் குறித்து வந்தேன். மூன்று செவ்வாய்க்கிழமைகளிலும் அத்தை இருந்த ஆஸ்பத்திரியில் சுழியம். மறுநாள் மட்டும் எட்டு, ஒன்பது. நோய்க்குக் கிழமை தெரியுமா? நர்ஸ் சந்தனமேரியிடம் கேட்டேன்.

"செவ்வாக்கெழம யாரு வீட்டுக்குப் போறா? கொணமானவிய அம்புட்டுப் பேரும் ஒருநா இருந்துட்டுப் போறோம்ங்காவ" என்று சிரித்தார்.

நேற்று அத்தைக்கு டிஸ்சார்ஜ் எழுதியபோது, வாசலில் ஓர் ஆட்டோவுக்குள் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே அவரைக் காட்டி, நோட்டையும் காட்டினேன். அத்தை செருப்பை மாட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு அத்தை என் கையிலிருந்து எதையும் வாங்கிக் குடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை, மூன்று முறை பார்த்துவிட்டேன்.

இன்று விடிந்ததும் கேட்டார்: "ஏட்டி, ஆட்டோல கெடந்தவனுக்கு என் கட்டிலக் குடுத்தாவளா?"

இணையப் பக்கம் எண்ணைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. சந்தனமேரியைப் போனில் கூப்பிட்டேன். ஆட்டோவில் இருந்தவருக்கேதான் கொடுத்தார்களாம், இப்போது மூச்சு சீராக இருக்கிறதாம்.

அதைச் சொன்னதும் அத்தை காபி கேட்டார்.

உங்கள் கோபத்துக்கும் காத்திருக்கும்
உங்கள் மனைவி